சின்னமேளமும் பர்லெஸ்க்கும் ஒன்றுதானா?

கேள்வி, லண்டனிலிருந்து ஒரு வாசகர்:
போன கிழமை வேலைத்தலத்துச் சிநேகிதர்களோடு ஒரு பர்லெஸ்க் நிகழ்ச்சிக்குப் போனேன். ஜாஸ் குழு ஒன்று மேடையிலேயே இருந்து வாசிக்க, சில பெண்களும் ஒரு ஆணும் மாறி மாறி வந்து ஆடினார்கள், பாடினார்கள், பகிடி விட்டார்கள். உடுப்பைக் கழற்றுவதும் உண்டு, முழுக்க அல்ல. பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு மனதில் ஓடியது ஒன்றுதான்: இது எங்கள் கோயில் திருவிழாவில் முந்தி நடந்த சின்னமேள ஆட்டம்தானே? அதைக் கேவலம் என்று நிறுத்திப்போட்டு, இங்கே வந்து காசு கொடுத்து வரிசையில் நிற்கிறோம். வன்னியில் இருக்கிறவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

11.05.2024, இரவு

ஒன்று என்று சொல்ல வரமாட்டேன்.

முதலில் உடுப்புக் கதையை முடித்துவிடுவோம். சின்னமேளத்தில் ஒருவரும் எதையும் கழற்றவில்லை. பட்டு, ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, கால் நிறையச் சலங்கை. பதம், ஜாவளி என்ற காதல் பாட்டுகளுக்கு ஆடினார்கள். பிந்திய காலத்தில் சினிமாப் பாட்டும் நுழைந்தது. சனம் குசுகுசுத்தது அவர்களுடைய கண்ணசைவைப் பற்றியும், திருவிழாச் செலவை ஏற்று அவர்களைப் பிடித்து வந்த உபயகாரரைப் பற்றியும்தான்.

நான் அதைக் கண்ணால் கண்டவன் இல்லை. கிளிநொச்சிப் பக்கத்து எங்கள் உருத்திரபுரம் குடியேற்றத் திட்டத்தில் வந்த ஊர். அம்மம்மா யாழ்ப்பாணத்துக் கோயில்களில் பார்த்ததைச் சொல்லிக் கேட்டதுதான். தவிலும் நாதஸ்வரமும் பெரிய மேளம். ஆட்டக்குழு சின்னமேளம். சாமம் கடந்து சின்னமேளம் தொடங்கினால் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டுமாம். "போறம் எண்டு சொல்லிப்போட்டு வேலிக்கு அங்கால நிண்டு பாக்கிறதுதான்" என்று அம்மம்மா சிரிப்பா.

ஒற்றுமை ஒன்று இருக்கிறது. வாத்தியக்காரர் பக்கத்தில் இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன், கரண்ட் மினுங்குகிறது.

12.05.2024

அக்காவின் மகள் ரொறன்ரோவில் கிளாரினெட் வாசிக்கிறாள். பகலில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆட்டமும் பாட்டும் பகிடியும் கலந்த இப்படி ஒரு ரெவ்யூவுக்கு வாசிக்கப் போவாள். அக்காவுக்கு "ஜாஸ் கச்சேரி" என்பது வரைக்கும்தான் தெரியும். அக்கா இந்த இழைப் பக்கம் வரமாட்டா என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நான் திருவிழாக்களுக்குப் போகும் ஒரு இசைக்குழுவில் ட்ரம்ஸ், ஒக்டபாட் என்கிற மின் ட்ரம் அடிக்கிறவன். அதனால் மருமகளிடம் கேட்டது ஒன்றுதான்: "உங்கள் ட்ரம்ஸ்காரர் எதைப் பார்த்து அடிக்கிறார்?" அவள் ஆட்டக்காரப் பெண்ணிடமும் கேட்டுவிட்டு, ஒத்திகை நேரம் போனைத் தன் பக்கத்துக் கதிரையில் சாத்தி வைத்துக் காட்டினாள். அதனால் நான் பார்த்தது முழுவதும் பின்பக்கத்திலிருந்து.

முன்னால் இருக்கிறவர்களுக்கு மினுக்கமும் சிரிப்பும் தெரியும். எனக்குத் தெரிந்தது முதுகு. இடுப்பை இறுக்கும் கோர்செட் உடுப்பின் நாடா, அது அவிழாமல் இருக்கக் குத்திய ஊக்கு, தோளில் வியர்வை. முழங்கைக்கு மேல் வரைக்கும் கறுப்புச் சாட்டின் கையுறை. ஆடுகிறவர் கையை வாயருகே கொண்டுபோய்ச் சுண்டுவிரல் நுனியைப் பல்லால் கடித்து இழுக்கிறார். ட்ரொம்போன் அதோடு சேர்ந்து ஒரு இழுவை. மோதிர விரலுக்கு இன்னொன்று, கொஞ்சம் மேலே. நடுவிரலில் நிறுத்திவிட்டு ட்ரொம்போன்காரரைத் திரும்பிப் பார்க்கிறார், உனக்கென்ன அவசரம் என்கிற மாதிரி. அவர் வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டுக் கூரையைப் பார்க்கிறார். டபுள் பேஸ் மட்டும் தன்பாட்டில் நடந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு நேரம்? அது ஆடுகிறவர் இஷ்டம். சிரிப்பு அடங்கும்வரை நிற்கலாம், அடங்கிய பிறகும் நிற்கலாம்.

ட்ரம்ஸ்காரர் இவ்வளவு நேரமும் அந்தப் பெண்ணின் இடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தப்பாக நினைக்க வேண்டாம், அது அவருடைய உத்தியோகம். இடுப்பு வெட்டுகிற கணத்தில் டொம் ட்ரம்மிலோ ஸ்னேர் ட்ரம் விளிம்பிலோ அடி விழவேண்டும். முந்தி விழுந்தால் ஆட்டம் கெட்டுப்போகும். பிந்தி விழுந்தால் சனம் சிரிக்கும், சில நேரம் வேண்டுமென்றே பிந்துவதும் உண்டாம்.

ட்ரம்பெட்காரர் வாத்தியத்தின் வாயை அடிக்கடி எதனாலோ மூடி மூடித் திறந்தார். அது கழிப்பறை அடைப்பெடுக்கிற றப்பர்! தடியைக் கழற்றிவிட்டு றப்பரை மட்டும் பிடிக்கிறார்கள். வா-வா என்று மனிதர் புலம்புகிற மாதிரிச் சத்தம் வருகிறது. ஜாஸ்காரர்கள் நூறு வருஷமாக இதைச் செய்கிறார்களாம். வாத்தியம் ஆயிரக்கணக்கான டொலர், மிச்சச் சாமான் இரும்புக்கடையில்.

12.05.2024, பின்னேரம்

"இதையெல்லாம் எழுத வெட்கமில்லையா, கோயிலில் வாசிக்கிற கை" என்று கேட்ட அண்ணைக்கு: கொஞ்சம் இருக்கிறது. வாசித்து முடித்துவிட்டுத்தானே கேட்டீர்கள்.

15.05.2024

பர்லெஸ்க்கை "அமெரிக்கக் குப்பை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அமெரிக்காவுக்கு அதைக் கொண்டுபோனது இங்கிலாந்துக்காரி. லிடியா தொம்சன் என்ற நடிகை 1868இல் தன் குழுவோடு நியூயோர்க்கில் இறங்கினார். கிரேக்கப் புராணத்து ராசா ஒருவனுடைய கதையை எடுத்துப் பகிடியாக்கி ஆடினார்கள். ஆண் வேடத்தையெல்லாம் பெண்களே கட்டினார்கள், காலோடு ஒட்டிய இறுக்க உடுப்பில். அந்தக் காலத்தில் கால் தெரிந்ததே பெரிய கலாட்டா. பெண்கள் மேடையில் நின்று அன்றைய அரசியலையும் பெரிய மனிதரையும் நக்கலடித்தது அதைவிடப் பெரிய கலாட்டா.

இதை வாசிக்கும்போது எனக்கு எங்கள் கூத்துத்தான் நினைவுக்கு வந்தது. இங்கே தலைகீழ். முந்தி எல்லா வேடமும் ஆண்களுக்குத்தான். அரியாத்தை கதை தெரியும்தானே, ஆண்களால் முடியாமல்போன யானையைப் பிடித்துக் கட்டிய வன்னிப் பெண். அந்தக் கூத்திலும் அரியாத்தை வேடத்தை ஒரு ஆண்தான் கட்டுவார். மீசை வழித்த இடம் பவுடருக்கு மேலாலும் பச்சையாகத் தெரியும். ஒரு பெண்ணின் வீரத்தைச் சொல்லப் பெண்ணை மேடையில் ஏற்றாத ஊர் நாங்கள்.

தொம்சனுக்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் அது பகிடிக்காரரும் பாட்டுக்காரரும் ஆட்டக்காரரும் கலந்த மலிவு டிக்கெட் நிகழ்ச்சியாக மாறியது. அபொட், கொஸ்டெல்லோ என்ற சினிமாச் சோடியெல்லாம் அந்த மேடையில் பழகி வந்தவர்கள். உடுப்புக் கழற்றும் பகுதி 1920கள், 30களில்தான் பெரிதானது. அதில் பேரெடுத்த ஜிப்சி ரோஸ் லீ கழற்றியதைவிடக் கதைத்தது அதிகம். சாலி ராண்ட் 1933 சிக்காகோ கண்காட்சியில் இரண்டு பெரிய தீக்கோழி இறகு விசிறிகளை வைத்துக்கொண்டு ஆடினார். ஒன்று விலக மற்றது மறைக்கும். சனம் எதையாவது கண்டதா என்று அவர்களுக்கே தெரியாது. அதற்கும் பொலிஸ் வந்து பிடித்தது.

இப்போது நடப்பது 1990களில் புதிதாகக் கிளம்பிய அலை. பழைய உடுப்பு, பழைய இசை, ஆனால் ஆடுகிறவர்களே தங்களுக்கு வேண்டியபடி அமைத்துக்கொள்வது. டீட்டா வொன் டீஸ் என்பவர் ஆளே உள்ளே இறங்கிக் குளிக்கக்கூடிய பெரிய மார்ட்டினி மதுக் கிண்ணத்தை மேடையில் வைத்து உலகம் முழுக்கத் தெரிந்தவரானார். எனக்கு அவ்வளவு சாமான் தேவையில்லை. அந்தக் கையுறையே போதும்.

19.05.2024

வாத்தியக்காரர் விஷயம். அன்றைக்கு எழுதுகிறேன் என்றது இதுதான்.

பழைய சின்னமேளப் படங்களைத் தேடிப் பாருங்கள், இந்தியாவில் எடுத்தவை கிடைக்கும். மிருதங்கத்தை இடுப்பில் கட்டியபடி, தாளத்தைக் கையில் பிடித்தபடி, ஆடுகிற பெண்ணுக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். அவர் முன்னுக்குப் போனால் இவர்களும் முன்னுக்கு, பின்னுக்கு வந்தால் பின்னுக்கு. வாத்தியம் ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் கூடவே நடந்தது. ருக்மிணி தேவி 1930களில் பரதநாட்டியத்தைச் சபா மேடைக்குக் கொண்டுவந்தபோது வாத்தியக்காரரை ஒரு பக்கமாக இருத்தினார். இன்றைக்கும் அரங்கேற்றத்தில் அப்படித்தான் இருக்கிறார்கள்.

பழைய சின்னமேளக் குழுவில் இன்னொரு வாத்தியம் இருந்தது: கிளாரினெட். வெள்ளைக்காரர் பாண்டு வாத்தியத்திலிருந்து எடுத்து, பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர் ஆட்டத்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ஏ. கே. சி. நடராஜன் அதைத் தனிக்கச்சேரி வாத்தியமாக உயர்த்தியது பிறகு. 1925இல் பாரிஸ் மேடையில் அமெரிக்க ஆட்டக்காரி ஜோசஃபின் பேக்கர் ஆடி ஊரைப் புரட்டியபோது அந்தக் குழுவில் கிளாரினெட் வாசித்தவர் நியூ ஓர்லியன்ஸ்காரர் சிட்னி பெஷே. மருமகளிடம் இதைச் சொன்னேன். "மாமா, அப்ப நான் குலத்தொழில்தான் செய்யிறன்" என்றாள். அக்காவிடம் இதைச் சொல்லிவிடாதே என்றேன்.

சரி, இன்றைக்கு எங்கள் பக்கம் என்ன நடக்கிறது? திருவிழாவுக்கு இசைக்குழுவும் பிடிக்கிறார்கள், டான்ஸ் குறூப்பும் பிடிக்கிறார்கள். டான்ஸ் தொடங்கியதும் எங்களை இறங்கச் சொல்லிவிட்டுப் பென்டிரைவைச் செருகுகிறார்கள். நாங்கள் தேத்தண்ணி குடிக்கிறோம். பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடுகிறார்கள், ஆனால் பாட்டு ஓடுகிற ஓட்டத்துக்குப் பின்னால் ஓடுகிறார்கள். ஒரு பிள்ளையின் சலங்கை அறுந்தாலும் பாட்டு நிற்காது. சனம் கைதட்டினாலும் நிற்காது.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கோயிலில் நடந்ததைச் சொல்கிறேன். பாட்டுக்கு நடுவில் லைட் மெசின் (ஜெனரேட்டர்) நின்றுவிட்டது. இருட்டு. ஸ்பீக்கர் செத்துப்போயிற்று. என் ஒக்டபாட்டும் கரண்டில் ஓடுகிறதுதானே, நானும் பிணம். ஆறு பிள்ளைகள் கையை மேலே தூக்கியபடி அப்படியே நிற்கிறார்கள், ஒருத்தி சிரிக்கத் தொடங்கிவிட்டாள். சுவாமி வெளிவீதிக்குப் புறப்பட இன்னும் நேரம் இருந்ததால் மேளக்காரர் மண்டப ஓரத்தில் சாய்ந்திருந்தார்கள். தவில்காரரில் ஒருவர் எழும்பி வந்து, யாரும் கேட்காமலே, அந்தப் பாட்டின் நடையை அடிக்கத் தொடங்கினார். மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தை மேடைக்குத் திருப்பினார்கள். பிள்ளைகள் முதலில் தடுமாறினார்கள், ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பிறகு சிரித்த பிள்ளை முன்னுக்கு வந்து காலைத் தட்டிக் காட்ட, தவில்காரர் அதைப் பிடித்துத் திருப்பி அடித்தார். அவள் இன்னொன்று தட்டினாள். அதையும் பிடித்தார். மற்ற ஐந்து பேரும் பின்னால் நின்று கைதட்டினார்கள். லைட் மெசின் திரும்ப வந்தபோது சனம் "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று கத்தியது மெசின்காரரைப் பார்த்துத்தான்.

அந்தப் பிள்ளைக்கும் தவில்காரருக்கும் இடையில் நடந்ததையும், ரொறன்ரோவில் அந்தக் கையுறைக்கும் ட்ரொம்போனுக்கும் இடையில் நடந்ததையும்தான் நான் ஒன்று என்பேன். உடுப்பு இருந்ததா இல்லையா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி.

20.05.2024

"கரண்டே இல்லாத காலத்தில் என்ன செய்தீர்கள்" என்று கேட்டவர் நிச்சயம் வெளியூரில் பிறந்தவர்.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் கசெட் போட்டோம். ஒருவர் பெடலைச் சுற்றவேண்டும். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் பாட்டு இழுபடும், பாடகிக்குக் கிழவர் குரல் வரும். பள்ளிக்கூட விழாவுக்கு எங்கள் வகுப்புப் பெண்கள் அப்படித்தான் ஆடிப் பழகினார்கள். பெடல் சுற்றியவன் என் கூட்டாளி ஒருவன். அவர்களில் ஒருத்தி ஆடும் இடம் வந்தால் மட்டும் வேகமாகச் சுற்றுவான். இசை ஆட்டக்காரரைப் பார்த்து நடந்த காலம் என்று இதையும் கணக்கில் சேர்க்கலாம்.

02.06.2024

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்வந்த களைப்பில் இந்தப் பக்கம் வரவில்லை. அதற்குள் எவ்வளவு சண்டை!

பொங்கலுக்குப் போகும்போது இந்த இழை மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீரில் விளக்கெரிகிற கோயில், கண்ணகி வந்து தங்கிய இடம் என்று ஊர் நம்புகிறது. அந்த மண்ணில்தான் கோவலன் கூத்தும் ஆடினார்கள், முல்லை மோடி என்பார்கள் அந்தப் பாணியை. என் பெரியப்பா முள்ளியவளையில் அதற்கு மத்தளம் அடித்தவர். கண்ணகிக்கு ஆடுகிற கூத்தில் மாதவியும் வரவேண்டும், வந்து ஆடவும் வேண்டும். நாட்டியக்காரி, குடும்பத்தைக் கெடுத்தவள். சனம் மாதவியை ஏசும். ஆனால் மாதவி வரவுக்குத்தான் நித்திரை கொண்டவர்களையும் எழுப்பிவிடுவார்கள் என்று பெரியப்பா சொல்வார்.

மாதவிக்கு மத்தளம் அடிக்கிறது எப்படி என்று அவரிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். "முகத்தைப் பாக்காத, குதிக்காலப் பார்" என்றார். முகம் சனத்துக்கு, குதிகால் மத்தளத்துக்கு. குதி தூக்கினால் ஆள் திரும்பப் போகிறார் என்று அர்த்தம். அந்த ட்ரம்ஸ்காரர் இடுப்பைப் பார்த்ததும் இந்தக் கணக்குத்தான்.

அப்புறம், இங்கே ஒருவர் "சிலை மாதிரி அசையாமல் நின்றால் கலை, அசைந்தால்தான் ஆபாசம்" என்று எழுதியிருந்தார். நீங்கள் பகிடிக்குச் சொன்னீர்களோ தெரியாது, லண்டனில் அது சட்டமாகவே இருந்தது. விண்ட்மில் தியேட்டர் என்று ஒன்று. 1930களில் அங்கே உடுப்பில்லாத பெண்கள் மேடையில் நிற்கலாம், ஆனால் அசையக் கூடாது. நாடகத் தணிக்கை செய்த அரண்மனை அதிகாரி கொடுத்த அனுமதி அப்படி. யுத்தத்தில் குண்டு விழுந்த காலத்திலும் அந்த மேடையைத் தொடர்ந்து நடத்தினார்கள். பீட்டர் செல்லர்ஸ் போன்றவர்கள் அங்கேதான் பகிடி சொல்லிப் பழகினார்கள். அதாவது, அசையாமல் நிற்கிற பெண்களைப் பார்க்க வந்த சனத்தைத் தன் பக்கம் திருப்புகிற வேலை பகிடிக்காரருக்கு.

09.06.2024

இரண்டாம் யோசனை. நான் மே மாதம் எழுதியதை இந்த இழையில் ஒரு வாசக அக்கா திரும்ப எடுத்துப் போட்டு, "உடுப்பு இரண்டாவது கேள்வி என்றால் முதல் கேள்வி என்ன, வாத்தியமா? ஆடுகிறவரின் சம்மதம் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அக்கா சொல்வது என் நெஞ்சில் தைத்தது.

சின்னமேளம் ஆடிய பெண்கள் அந்தத் தொழிலை எத்தனை பேர் விரும்பி எடுத்தார்கள்? பிறந்த குடும்பம் தீர்மானித்தது. வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள், பத்து நாள் திருவிழா ஆடினார்கள், உபயகாரர் தங்களுக்குள் போட்டி போட்டார்கள், கெட்ட பேர் மட்டும் பெண்களுக்கு. நல்லூரில் இந்த ஆட்டத்தை எதிர்த்தவர் ஆறுமுக நாவலர். அவர் கவலை சைவத்தின் தூய்மை. ஆடிய பெண்கள் பிறகு எப்படிச் சாப்பிடுவார்கள் என்பது அந்த வாதத்தில் இடம்பெறவில்லை. சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் போட்டு, பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக் கட்டுவதை நிறுத்தினார்கள். அது நியாயம். ஆனால் அதே ஆட்டம் வேறு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கலையாகப் போனது. அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டி ஆடியதையே மறைத்து வாழ்ந்தார்கள்.

நியூயோர்க்கிலும் நகரபிதா லகார்டியா 1937இல் பர்லெஸ்க் தியேட்டர்களின் லைசென்ஸைப் பறித்தார். அந்தத் தொழிலில் பேர்போன மின்ஸ்கி சகோதரரின் பேரைக்கூட வெளிப்பலகையில் போடக் கூடாது என்று தடை. ஆட்டக்காரர் வேறு ஊருக்கும் இரவு விடுதிகளுக்கும் போனார்கள். விடுதியில் முழுக் குழு வைக்கக் காசில்லை, மூன்று நான்கு பேராகச் சுருங்கியது, பிறகு இசைத்தட்டு வந்தது. எங்கள் பென்டிரைவ் கதை அங்கே முந்தியே நடந்திருக்கிறது.

மருமகள் வாசிக்கிற ரெவ்யூவில் ஆடுகிறவர்களில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறார், ஒருவர் தாதி. எந்த உடுப்பு, எந்தப் பாட்டு, எங்கே நிறுத்துவது எல்லாம் தாங்களே. மேடைப் பேரும் வேறு. கோர்செட்டை அளவுக்குத் தைப்பித்துப் பாசிமணி கோக்கிற செலவு ஆடுகிறவர் கையால். ஒரு இரவில் வருகிற காசு அதற்குக் காணாதாம். அப்படியும் செய்கிறார்கள். ஆக, அக்கா, உங்கள் கேள்வி முதலாவது, என்னுடையது இரண்டாவது. மாற்றிவிட்டேன்.

ஆனால் ஒன்று. சம்மதத்தை இங்கே யார் எங்களிடம் கேட்டார்கள்? டான்ஸ் குறூப் பிள்ளைகளிடம் "எந்தப் பாட்டு ஆட விருப்பம்" என்று ஒரு திருவிழாவிலும் கேட்டு நான் காணவில்லை. நிர்வாகசபை துண்டில் எழுதிக் கொடுக்கும்.

16.06.2024

நீளமாக எழுதவில்லை. நேற்றுத் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகிறேன்.

கலிபோர்னியாப் பாலைவனத்தில் ஹெலன்டேல் என்ற இடம். முந்தி ஆட்டுப் பண்ணையாக இருந்த வளவு. ஜெனி லீ என்ற பழைய பர்லெஸ்க் ஆட்டக்காரர் தன் கூட்டாளிகளின் உடுப்பு, விசிறி, சுவரொட்டி எல்லாம் சேர்த்து வைத்திருந்தார். அவர் 1990இல் இறந்த பிறகு டிக்ஸி எவன்ஸ் என்ற இன்னொரு பழைய ஆட்டக்காரர் அதைப் பொறுப்பெடுத்தார். பார்க்க ஆட்கள் வரவேண்டுமே என்று அங்கேயே வருடாவருடம் போட்டி வைத்தார். இளம் பிள்ளைகள் ஆட வந்தார்கள், எழுபது வயதுக்காரரும் இறகுச் சால்வையோடு மேடை ஏறினார்கள். இளையவர்கள் நிலத்தில் இருந்து பார்த்துப் படித்தார்கள். இப்போது அது லாஸ் வேகஸில் மியூசியமாக இருக்கிறது.

டெட்ரோயிட்டில் டோனி எல்லிங் என்று ஒருவர். கறுப்பினப் பெண்ணாக இருந்ததால் வெள்ளைக்கார ஆட்டக்காரருக்குக் கொடுத்த சம்பளம் தனக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னவர். அந்தப் பேர் ஜாஸ்காரர் டியூக் எலிங்டனின் பேரிலிருந்து எடுத்தது, இருவரும் சிநேகிதர். வயதான பிறகு புதிய தலைமுறைக் கறுப்பினப் பெண்கள் அவரைத் தேடிப் போய்ப் பழகினார்கள்.

பெரியப்பாவின் மத்தளம் பல இடம்பெயர்வுகளில் எங்கே போனது என்று தெரியாது. 2009க்குப் பிறகு முள்ளியவளைக்குத் திரும்பியவர், பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டுதான் பெடியளுக்கு அடவு சொல்லிக் கொடுத்தார். வாளி உடைந்தது, வேறு வாளி வாங்கிக் கொடுத்தோம்.

23.06.2024

மருமகள் ஊடாக அந்த ட்ரம்ஸ்காரர் கேட்டு அனுப்பியிருக்கிறார், மத்தள அடி ஏதாவது அனுப்ப முடியுமா என்று. பெரியப்பாவிடம் படித்த ஒரு தம்பியைப் பிடித்து, மாதவி வரவுக்கான தாளக்கட்டைப் போனில் பதிந்து அனுப்பினேன். ஒத்திகையில் ட்ரம்ஸில் அடித்துப் பார்த்தார்களாம். ஆடுகிறவர் "இதில் எனக்கு நிற்க இடமே இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொல்வதும் சரி. கூத்தில் ஓட்டம் ஓட்டமாகப் போய், தீர்மானம் என்கிற முடிப்பு அடியில்தான் நிற்கும். நடுவில் நின்று ஆளைப் பார்த்துச் சிரிக்கிற வேலை அங்கே கட்டியகாரனுக்கு, ஆட்டக்காரிக்கு இல்லை. தீர்மானத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கையுறை கழற்றுகிற இடத்தில் வைத்துப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.

கேள்வி கேட்ட லண்டன் தம்பிக்கு: கிளிநொச்சியில் இப்படி ஒரு ரெவ்யூ வைக்கலாமா என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். அப்படியே வைத்தால் ஊர் என் இரண்டு காலையும் முறித்துப்போடும். நகைச்சுவை, பாட்டு, ஆட்டம், அறிவிப்பாளர், மேடையிலேயே வாத்தியம் என்கிற அமைப்பை எடுத்துக்கொண்டு வேறு ஏதாவது செய்யலாம் என்றால் நான் வருகிறேன்.

இப்போதைக்கு, ஆவணித் திருவிழா ஒன்றுக்கு எங்கள் குழுவைக் கேட்டிருக்கிறார்கள். டான்ஸில் ஒரு பாட்டுக்கு மட்டும் பென்டிரைவ் வேண்டாம், நாங்கள் வாசிக்கிறோம் என்று பேசி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். பாட்டைத் தெரிவு செய்வது அந்தப் பிள்ளைகள். ஆனால் சேர்ந்து பழக ஒத்திகை வேண்டும், பிள்ளைகள் பரந்தனிலிருந்தும் விசுவமடுவிலிருந்தும் வரவேண்டும், பஸ் காசும் பின்னேரச் சாப்பாடும் யார் தலையில் என்று இன்னும் முடிவாகவில்லை. நிர்வாகசபை "பென்டிரைவுக்குச் சாப்பாடு தேவையில்லையே" என்கிறது. புதன்கிழமை திரும்பக் கதைக்கப் போகிறேன்.